மொரப்பூர் தடமா, தரங்கம்பாடித் தடமா: கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற வழிகள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிராவல் சைக்கிள் (மண், சரளைக்கல் பாதைகளிலும் ஓட்டக்கூடிய, சற்று அகலமான டயர் போட்ட சைக்கிள்) வாங்குபவர்கள் பெருகிவருகிறார்கள். கடலோர வயல்வெளிகளிலும் தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில் தடங்களிலும் வெளிநாட்டவர்கள் ஓட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அப்படியொரு வழி வேண்டுமானால் தரங்கம்பாடிக்கோ தனுஷ்கோடிக்கோ போனால்தான் உண்டு என்று அவர்களில் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நம் இரு மாவட்டங்களிலும் கடல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கைவிடப்பட்ட ரயில் தடங்கள் இங்கேயும் இருக்கின்றன. சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தரையை வைத்துப் பார்த்தால், அவை கடற்கரையைவிட மேலானவை என்பது என் கருத்து.

ரயில் தடம் சைக்கிளுக்கு உகந்ததாக இருப்பதற்குக் காரணம் அதன் சரிவு. நீராவி இஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், தடம் அமைத்தவர்கள் குன்றைச் சுற்றி வளைத்தும், மேட்டைக் குடைந்து வெட்டியும், பள்ளத்தில் கரை எழுப்பியும் ஏற்றத்தை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குள் அடக்கினார்கள். வண்டிப் பாதை அப்படி உருவானதல்ல. ஊருக்கு ஊர் குறுக்கே விழுந்து போவது. ஆகவே பழைய தடத்தை ஒட்டி ஓட்டும்போது மூச்சு வாங்காமல் நெடுந்தூரம் போக முடிகிறது.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதை 1906இல் திறக்கப்பட்டது. 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, வறண்ட மாவட்டங்களுக்குத் தானியம் விரைவாகச் சேர வேண்டும் என்ற நோக்கில் போடப்பட்ட பாதைகளில் அதுவும் ஒன்று. பின்னர் அது பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதன்பின் மண் மட்டுமே மிஞ்சியது. அந்த மண்ணிலும் பாதி உழவுக்கும், கால்வாசி தார்ச்சாலைக்கும், மீதி வீட்டுமனைக்கும் போய்விட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. எனவே, மொரப்பூரில் ஏறித் தருமபுரியில் இறங்கும்வரை ஒரே கோடாகத் தடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். இங்கே கிடைப்பவை துண்டுகள்தாம். அவற்றை ஏரிக்கரைகளும், புளியமர நிழல் விழும் கிராமச் சாலைகளும், தோட்டத்துக்குப் போகும் செம்மண் வண்டித்தடங்களும் இணைக்கின்றன. இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே இந்த வழியின் சுவை என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தும். வரைபடத்தைப் பார்த்து நேரே ஓட்ட விரும்புபவர்களுக்குப் பொருந்தாது.

தரையைப் பொறுத்தவரை தருமபுரிக்கு நிகர் இல்லை. செம்மண்ணோடு பொடிக்கல் கலந்து இறுகிய கிராவல், மழை பெய்து ஓரிரண்டு நாள் கழித்து, தூசியும் இல்லாமல் சேறும் இல்லாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் அகல டயரே இதற்குப் போதும். ஆனால் வேலிகாத்தான் (சீமைக் கருவேல) முள்ளும் நெருஞ்சியும் ஈவிரக்கமற்றவை. டியூப் போட்ட டயரோடு இங்கே வருவது பஞ்சரை வரவேற்பதாகும். டியூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவமும் கட்டாயம் தேவை. மேலும், மொரப்பூர்–தருமபுரி இடையே சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள அகல ரயில் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டிருப்பதால், கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் தடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்துத் தொடர்ச்சி வேறு வகையானது. இன்று தருமபுரி–ஓசூர் இடையே, பின்னாளில் போடப்பட்ட பாதையில் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். எனவே பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, கெலமங்கலம் என்று ரயில் பாதையைப் பார்வையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கிராமச் சாலைகளில் போவதே முறை. தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே ஏறத்தாழ 400 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால், இது கால் வலுவைச் சோதிக்கும் வழி. புதிதாகத் தொடங்குபவர்கள் ஓசூருக்கு ரயிலில் போய், தருமபுரியை நோக்கி இறங்கி வரலாம்.

கிருஷ்ணகிரிக்காரர்களின் நிலை சற்று விசித்திரமானது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் குறும்பாதை வந்தது. அது போனபின் மாவட்டத் தலைநகராக உயர்ந்தும் அந்த நகருக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. அந்தத் தடத்தைத் தேடி அலைவதைவிட, தென்பெண்ணையின் மீது 1950களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணைக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். அணையிலிருந்து பிரியும் பாசனக் கால்வாய்களின் கரைகள், காவேரிப்பட்டினம் பக்கமாக மாந்தோப்புகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், கீழே சமதளமான மண் என்று கடலோரக் காணொளிகளில் நாம் விரும்பிப் பார்க்கும் மூன்றும் இங்கே சேர்ந்து வருகின்றன. நெடுங்கல் அணைக்கட்டு வரை போய், அங்கிருந்து பாரூர் ஏரிக்குத் திரும்பினால் அரைநாள் நிறைவாகக் கழியும். தண்ணீர் திறந்துவிட்ட பருவத்தில் கரை ஈரத்தில் வழுக்கும் என்பதும், கரை அரித்த இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்பதும்தான் குறை. கிரானைட் லாரிகள் புழங்கும் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இனிக் கடற்கரை. தனுஷ்கோடியை எளிதில் ஒதுக்கிவிடலாம். 1964 டிசம்பர் புயலில் ரயிலையும் ஊரையும் கடல் கொண்டுபோன பிறகு, பழைய தடம் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்துவிட்டது. அரிச்சல்முனை வரை 2017இல் திறக்கப்பட்ட தார்ச்சாலைக்குக் கிராவல் சைக்கிள் தேவையில்லை. சாலையை விட்டு இறங்கினால் 45 மில்லிமீட்டர் டயரும் புதைகிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஓட்டுவதற்கான தடம் அல்ல.

மயிலாடுதுறை–தரங்கம்பாடித் தடம் மட்டுமே மொரப்பூருக்கு உண்மையான போட்டி. 1926இல் திறந்து 1986இல் மூடப்பட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை, ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக, 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய கடற்கரையை அடைந்தது. மூடி நாற்பது ஆண்டே ஆவதால் கரையும் சிறு பாலங்களும் மொரப்பூர்ப் பக்கத்தைவிடத் தெளிவாகத் தென்படும். காவிரிப் படுகையின் வயல்கள், சவுக்குத் தோப்புகள், இறுதியில் கடல் என்று காட்சிச் சுவையில் அது எங்கள் ஊரை எளிதாக வெல்லும்; இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் வண்டல் மண் நனைந்தால் களிமண்ணாகிச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொண்டு சைக்கிளையே நிறுத்திவிடும். பிற்பகல் கடற்காற்று, சமதளத்திலும் ஏற்றம் ஏறுவது போன்ற உழைப்பை வாங்கும். உப்புக் காற்று செயினைத் துருவேற்றும் என்பதால் திரும்பியவுடன் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போட வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டிய தடை தூரம். தருமபுரியிலிருந்து ஓர் இரவுப் பயணம், சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்து ஏற்றும் அலைச்சல், அங்கே ஒரு நாள் தங்கல் என்று வார இறுதி முழுவதும் அதற்கே போய்விடும்.

ஆகையால் வாரந்தோறும் ஓட்டுபவருக்கு மொரப்பூர் துண்டுகளும் கால்வாய்க் கரையும், ஆண்டுக்கொரு முறை தரங்கம்பாடியும் என்று பிரித்துக்கொள்வது சரியாக இருக்கும். அந்த ஒரு முறைக்கு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வண்டல் காய்ந்துவிடும் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்து, கடற்காற்று எழுவதற்கு முன்பே பொறையாற்றைத் தாண்டிவிடும்படி மயிலாடுதுறையிலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.