ஊர் ஆவணங்கள்: நாமே வைப்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா, நகல் மட்டும் எடுப்பதா?

பழைய படங்கள், கடிதங்கள், சங்கக் கணக்கேடுகள், பேட்டி நாடாக்கள் என்று ஒரு சமூகத்தின் ஆவணங்கள் சேரத் தொடங்கியதும் அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்துவிடும். மூன்று வழிகள் இருக்கின்றன.

சொந்த அறையில் வைத்தால், பார்க்க வருபவர்களே பெரிய பலம். படத்தில் நிற்பவர் யார், எந்த விசேஷம் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அழிந்துபோவது அந்தத் தகவல்தான். அதைப் படத்தின் பின்புறம் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் வரை தெரியும்.

இங்கே எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். 35 முதல் 50 வரை நல்லது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும். துருப்பிடிக்கும் குண்டூசி, ரப்பர் பேண்ட், பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மூன்றையும் அகற்றிவிடுங்கள். பி.வி.சி. மெல்ல அமிலத்தைக் கக்கும்.

பெரிய காப்பகத்தின் பலம் குளிர் அறை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய பிலிமில் வினிகர் வாடை வந்துவிட்டால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை வேகப்படுத்தி, பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். குளிர்தான் அதைத் தாமதப்படுத்தும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். அதை வீட்டிலோ சங்க அறையிலோ வைக்கவே கூடாது.

ஆனால் கையெழுத்திடும் முன் தாளைப் படியுங்கள். தானப் பத்திரம் என்றால் பொருள் அவர்களுடையதாகிவிடும். வைப்பு ஒப்பந்தம் என்றால் உரிமை உங்களிடமே நிற்கும். வேண்டாதவற்றைத் திருப்பித் தரவேண்டும், இத்தனை ஆண்டுக்குள் பட்டியலிடவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பட்டியலில் ஏறாத பெட்டி இருந்தும் இல்லாததுதான்.

மூன்றாவது வழியில் மூலம் குடும்பத்திடமே இருக்கும், நகல் மட்டும் பொதுவுக்கு வரும். 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை நகலெடுக்கும் திட்டத்திலும் (Endangered Archives Programme) மூலம் அதன் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை. கொடுக்கத் தயங்கும் குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது. பக்கங்களை அங்குலத்துக்கு 400 புள்ளி, சிறிய படங்களை 600 புள்ளி வீதம் டிஃப் (TIFF) என்ற, தரம் குறையாத படக் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். 400 புள்ளியில் ஒரு ஏ4 வண்ணப் பக்கம் சுமார் 46 மெகாபைட். 10,000 பக்கம் என்றால் ஏறக்குறைய 460 ஜிகாபைட். அதைப்போல் மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று வேறு ஊரில். இழுப்பறையில் போட்டுவைத்த ஹார்டு டிஸ்கை நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை செக்சம் எண்களை, அதாவது கோப்பு சிதைந்தால் மாறிவிடும் சரிபார்ப்பு எண்களை, ஒப்பிட்டுப் பாருங்கள். நகல் இருக்கிறதே என்று மூலத்தைத் தூக்கிப்போடும் தவறுதான் இந்த வழியில் நெஞ்சை வலிக்கச் செய்வது.

எல்லாவற்றையும் ஒரே வழியில் தள்ளவேண்டியதில்லை. தாளும் அச்சுப் படங்களும் சொந்த அறையில் இருக்கலாம், ஈரமில்லாத இடமும் பொறுப்பேற்க இரண்டு பேரும் இருந்தால். ஒருவரை மட்டும் நம்பிய சேகரிப்பு அவரோடு முடிந்துபோகும். பிலிமை வைப்பு ஒப்பந்தத்தில் அனுப்புங்கள். நாடாக்களை முதலில் நகலெடுங்கள். ஓட்டிக் கேட்கும் கருவிகள் அரிதாகிவருகின்றன. சங்கம் கலைந்தால் பெட்டிகள் யாரிடம் போகவேண்டும் என்பதை இப்போதே தீர்மானமாக எழுதிவையுங்கள்.