கடையில் சாஃப்ட்வேர் மாற்றிய டேப்லெட்டா? அப்டேட் பட்டனைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

ஆத்தங்குடியில் அப்பாவுக்குப் பூக்கல் (பூ வேலைப்பாடு உள்ள தரைக்கல்) பட்டறை இருக்கிறது. ஆர்டர் எடுப்பது, கணக்குப் பார்ப்பது, வீடு கட்டுபவர்களிடம் டிசைன் காட்டிப் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. அதற்காக 2018-இல் வாங்கிய பத்து அங்குல டேப்லெட்டைக் காரைக்குடியில் ஒரு செல்போன் கடை எப்படிக் கெடுத்தது, எதையெல்லாம் பொய் சொல்லிக் காசு வாங்கியது என்று எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்பதால், பெயர் தெரியாவிட்டாலும் இது உங்களுக்குப் பயன்படும்.

அந்த டேப்லெட்டுக்குள் என்ன இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அப்பா நேரே போய்விடுவார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள தளத்தைப் படம் எடுப்பார். ஓரத்தில் போகும் பார்டர் கல்லைத் தனியாக எடுப்பார். பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுப்பார். உடைந்த ஒரே ஒரு கல்லைக் கொண்டுவந்து "இதே மாதிரி நூறு கல் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்துத்தான் புதிய அச்சு செய்கிறோம். எந்தச் சிவப்புக்கு எவ்வளவு ஆக்சைடு, எவ்வளவு வெள்ளை சிமெண்ட் என்ற குறிப்பும் அந்தப் படங்களோடு இருந்தது. அந்த வீடுகளில் பல இன்று காலி மனை. போய் மறுபடி படம் எடுக்க முடியாது.

பேட்டரி உப்பிவிட்டதால் கடைக்குப் போனேன். பேட்டரி மாற்றச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பி வாங்கும்போது பில்லில் "சாஃப்ட்வேர் அப்கிரேட்" என்று 1,800 ரூபாய் தனியாக இருந்தது. கேட்டதற்கு, "பழசு ஆண்ட்ராய்டு 9-ல நின்னு போச்சுக்கா, கம்பெனியோட புது ஆண்ட்ராய்டு 13 போட்டுத் தந்திருக்கேன்" என்றார். பழைய படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, வேகமும் கூடியிருந்தது. பணத்தைக் கொடுத்தேன்.

அது கம்பெனி சாஃப்ட்வேரே இல்லை. கம்பெனி அந்த மாடலுக்கு ஆண்ட்ராய்டு 9-க்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. கடைக்காரர் பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை எழுப்பும் சிறு நிரல்) பூட்டைத் திறந்து, யாரோ ஒரு ஆர்வலர் தயாரித்த கஸ்டம் ரோம் (கம்பெனிக்கு வெளியே செய்த மாற்று ஆண்ட்ராய்டு) ஒன்றை ஏற்றி, ரூட்டும் (சிஸ்டத்துக்குள் எதையும் மாற்றும் உரிமை) செய்து வைத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். கஸ்டம் ரோம் தப்பான பொருள் இல்லை. ஆனால் எந்த டேப்லெட்டில் அது இருக்கிறதோ, அந்த டேப்லெட்டில் அப்டேட் என்பது முற்றிலும் வேறு விஷயம். சொல்லாமல் போட்டால், பின்னால் அப்டேட் அறிவிப்பு வரும்போது உரிமையாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவு எடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

அறிகுறிகள் முதல் நாளே தெரிந்தன. ஆன் செய்யும்போதெல்லாம் பூட்லோடர் திறந்திருக்கிறது, இந்தச் சாதனத்தின் சாஃப்ட்வேரைச் சரிபார்க்க முடியாது என்று ஒரு எச்சரிக்கைத் திரை வரும். பாங்க் ஆப் திறக்க மறுத்தது. காசு கட்டிப் பார்க்கும் சினிமா ஆப்பில் படம் மங்கலாகத்தான் ஓடியது. கடையில் கேட்டால், "புது வெர்ஷன்ல அப்படித்தான்க்கா வரும்." மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பூட்டு திறந்த சாதனத்தைக் கூகுளின் சரிபார்ப்பும், படங்களைப் பாதுகாக்கும் வைட்வைனும் முழுதாக நம்புவதில்லை. உங்கள் டேப்லெட்டிலும் இந்த மூன்றில் ஏதாவது இருந்தால், செட்டிங்ஸில் "அபவுட்" பகுதிக்குப் போய் பில்டு நம்பரைப் பாருங்கள். "டெஸ்ட்-கீஸ்" (test-keys) அல்லது "யூசர்டீபக்" (userdebug) என்று இருந்தால் கம்பெனி சாஃப்ட்வேர் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ரூட் செய்திருக்கிறார்களா என்று தெரிய, ஆப் பட்டியலில் மேஜிஸ்க் (ரூட் செய்யப் பயன்படும் ஆப்) என்று ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில மாதம் கழித்து "சிஸ்டம் அப்டேட் தயார்" என்று அறிவிப்பு வந்தது. ஆண்ட்ராய்டு 14. எனக்குச் சந்தேகம். அதனால் கையே வைக்காமல் கடைக்கு எடுத்துப் போனேன். இதைச் செய்யலாமா, செய்தால் படங்களுக்கு ஏதாவது ஆகுமா, முதலில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துத் தர முடியுமா என்று தெளிவாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார். பேக்கப்புக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். அப்புறம் என் கண்ணெதிரேயே அப்டேட்டை அழுத்தினார்.

லோகோ வந்தது, போனது, மறுபடி லோகோ வந்தது. அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரிகவரி திரை (டேப்லெட் எழாதபோது வரும் மீட்புத் திரை) வந்து, ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, தகவல்கள் சிதைந்திருக்கலாம் என்று சொல்லி இரண்டு வழி காட்டியது: மறுபடி முயல்வது, அல்லது எல்லாத் தரவையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ரீசெட்டை அழுத்திவிட்டார். அதற்குப் பிறகும் டேப்லெட் ஒழுங்காக ஆன் ஆகவில்லை. "மதர்போர்டு போயிருச்சுக்கா, 6,500 ஆகும், புதுசு வாங்கிக்கிறதே நல்லது" என்று சொல்லி, கடையிலிருந்த ஒரு பழைய டேப்லெட்டை எடுத்துக் காட்டினார். என்னுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பென் டிரைவைத் திறந்தால், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் மட்டும் இருந்தன. அப்பா எடுத்த ஒரு தளம்கூட இல்லை.

காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன் வந்து பார்த்தான். போர்டு நன்றாகவே இருந்தது. ரிகவரி திரையிலேயே ரோம் பெயரும் வெர்ஷனும் எழுதியிருக்கிறது என்று காட்டினான். இப்படிப்பட்ட ரோம்களில் கூகுள் ஆப்கள் தனித் தொகுப்பாக ஏற்றப்படுபவை; ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்கு ஏற்ற தொகுப்புத்தான் ஒத்துப்போகும். 14-க்குத் தாவியபோது உள்ளே 13-க்கான தொகுப்பே இருந்தது. ஓர் அச்சில் வார்த்த பூவுக்குப் பக்கத்தில் வேறு அச்சில் வார்த்த பார்டர் கல்லைப் பதித்தால் கோடு எப்படிச் சேராதோ, அப்படித்தான். கேபிள் போட்டு, சரியான ரோமையும் அதற்கேற்ற தொகுப்பையும் ஏற்றினான். அன்று மாலைக்குள் டேப்லெட் ஓடியது. 6,500 ரூபாய் கேட்டது முழுப் பொய்.

ஆனால் படங்கள் திரும்பவில்லை. சேமிப்பில் இருப்பதெல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீட்டில்தான் எழுதப்பட்டிருக்கும், ரீசெட் செய்யும்போது அதன் சாவியும் அழிந்துவிடும் என்று அவன் விளக்கினான். மெமரி கார்டில் அழிந்ததை மீட்கும் மென்பொருள் இங்கே உதவாது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் திரையில் "மறுபடி முயல்" என்பதோடு நிறுத்தி, தரவைத் தொடாமல் பழைய 13-ஐயே மேலே ஏற்றிப் பார்த்திருந்தால் மீண்டிருக்க வாய்ப்பு இருந்தது என்று அவன் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்டேட்டே செய்யாமல் விட்டுவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைக் கூகுள் 2015 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் பட்டியலிட்டு அடைத்து வருகிறது. பூட்டும் திறந்து, ரூட்டும் செய்து, வருடக்கணக்காக அந்த ஓட்டைகள் அடைக்கப்படாமல் ஓடும் ஒரு டேப்லெட்டில் வாடிக்கையாளர் கணக்கை வைத்திருப்பது ஆபத்துத்தான். ஆகவே எந்த அப்டேட் என்று பார்க்க வேண்டும். ரோம் தயாரித்தவரே கொடுக்கும், அதே ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குள் வரும் மாதாந்தர அப்டேட்டை, பேக்கப் எடுத்தபின் செய்யலாம். 13-லிருந்து 14 போன்ற தாவல் வேறு. அதற்கு உங்கள் மாடலுக்கென்று எழுதிய செய்முறை இருந்தால் மட்டும், தரவு முழுதும் அழிந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில்தான் தொட வேண்டும். லினேஜ் ஓஎஸ் போன்ற தன்னார்வலர் திட்டங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் இந்தச் செய்முறையைத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன. கடைக்காரர் போட்டது அப்படிப்பட்ட அதிகாரப்பூர்வ வெளியீடும் இல்லை. யார் தயாரித்தது என்றே தெரியாத ரோமாக இருந்தால் அப்டேட்டும் வேண்டாம், அந்த ரோமும் வேண்டாம்; கம்பெனி சாஃப்ட்வேருக்கே திரும்பிவிடுங்கள்.

கம்பெனி சாஃப்ட்வேரிலேயே ரூட் மட்டும் செய்து தந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். ஆண்ட்ராய்டு 5-லிருந்து கம்பெனி அப்டேட் சிஸ்டம் பகுதியைத் துண்டு துண்டாகச் சரிபார்க்கிறது. அதில் எங்காவது கை வைத்திருந்தால் ஏற மறுத்துவிடும். மறுத்தால் அப்படியே விடுங்கள், வற்புறுத்தி ஏற்றச் சொல்லாதீர்கள். மேஜிஸ்க் வழியாக ரூட் செய்திருந்தால், அது மாற்றிய சிஸ்டம் கோப்பின் அசலை முதலில் மீட்டுவிட்டுத்தான் அப்டேட் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 7-க்குப் பின் வந்த சில சாதனங்களில் இரண்டு சிஸ்டம் பகுதிகள் இருக்கும், ஒன்று எழாவிட்டால் மற்றதற்குத் திரும்பும். எல்லாவற்றிலும் அது இல்லை. இன்னொன்று: சில சாதனங்களில் பழைய வெர்ஷனுக்கு இறங்கவிடாத தடுப்பு உண்டு. அதைக் கவனிக்காமல் பழையதை ஏற்றினால் சாதனம் எழவே எழாது. "பழசையே போட்டுத் தர்றேன்" என்று சொல்பவரிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

கடையில் கொடுக்கும்போது பேக்கப்பை அவர்களிடம் விடாதீர்கள். எடுத்தாலும், டேப்லெட்டை அவர்கள் தொடுவதற்கு முன் அங்கேயே பென் டிரைவை உங்கள் போனில் மாட்டி, உங்களுக்குத் தெரிந்த நாலு படத்தைத் திறந்து பாருங்கள். பூட்லோடர் திறந்தார்களா, எந்த ரோம், எந்த வெர்ஷன் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் டேப்லெட்டை விடாதீர்கள்.

என்னிடம் இரண்டு பில்லும் இருந்ததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடை பதில் சொல்லவில்லை. அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி "அப்கிரேட்" பில் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். டேப்லெட்டில் இப்போது மாதாந்தர அப்டேட் ஒன்று வந்து நிற்கிறது. அப்பா புதிதாக எடுத்த தேவகோட்டை வீட்டுப் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும், அவன் பக்கத்தில் இருக்க, நானே அதைச் செய்யப் போகிறேன்.