சிம்பிள் பிரசென்ட் முதல்லயா, கன்டினியூயஸ் முதல்லயா?

இங்கிலீஷ் புதுசா கத்துக்கிறவங்களுக்கு பிரசென்ட் டென்ஸ் நடத்தணும்னா எதுல ஆரம்பிக்கிறதுங்கிறதுலயே சண்டை வந்துடும். நிறைய புக்ஸ்ல 'ஐ ஈட்' மாதிரி சிம்பிள் பிரசென்ட்தான் முதல்ல வரும், செஞ்சு காட்டியே நடத்துற டைரக்ட் மெத்தட் ஆளுங்களுக்கு 'ஐ ஆம் ஈட்டிங்' மாதிரி கன்டினியூயஸ்தான் வசதி. நான் சிம்பிள் கட்சி, ஆனா எதிர்க்கட்சிகிட்டயும் சரக்கு இருக்கு.

கதவைத் திறந்துக்கிட்டே 'ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்'னு சொன்னா விளக்கமே தேவையில்ல. ஆம், இஸ், ஆர் தெரிஞ்சா போதும், கேள்வி கேக்கணும்னா அதையே முன்னாடி தூக்கிப் போட்டு 'ஆர் யூ ஈட்டிங்?'னு முடிச்சுடலாம், டூ, டஸ் தலைவலியே கிடையாது. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிற குழந்தைங்களுக்கே ஐஎன்ஜி சீக்கிரம் வந்துடுது, 'ஷீ ஒர்க்ஸ்'ல வர்ற அந்த எஸ் ரொம்ப லேட்டாத்தான் வருதுன்னு குழந்தைங்க பேச்சை ஆராய்ச்சி பண்ண ரோஜர் பிரவுன் 1973லயே எழுதிட்டாரு.

இவ்ளோ இருந்தும் ஏன் வேணாங்கிறேன்னா, நாம கதவைத் திறக்கிறதை எதிர்ல ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கும்போது 'நான் கதவைத் திறந்துட்டு இருக்கேன்'னு யாராவது சொல்லுவாங்களா, கிளாஸைத் தவிர அந்த வாக்கியத்துக்கு வேலையே இல்ல. அதோட ஐஎன்ஜி நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா லேசுல போகாது, 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்ட்டிங்', 'எவ்ரிடே ஐ ஆம் கோயிங்'னு எல்லாத்துக்கும் வால் மாட்டிடுவாங்க.

சிம்பிள்ல தொடங்கினா லைக், வான்ட், நீட், நோ (தெரியும்ங்கிற know), லிவ்னு முதல் நாளே வாயைத் திறந்து பேசுறதுக்குத் தேவையான வெர்ப் எல்லாம் கைக்கு வந்துடும், நிஜப் பேச்சுலயும் கன்டினியூயஸை விட சிம்பிள்தான் பல மடங்கு அதிகம். பிரச்சனை அந்த எஸ்ஸும் டஸ்ஸும்தான். அதுக்கு நான் சொல்ற வழி, கொஞ்ச நாள் ஐ, யூ மட்டும் வச்சு ஓட்டுங்க, ஹீ, ஷீ அப்புறம் வரட்டும், வந்தப்புறமும் பேசும்போது எஸ் விட்டுட்டாங்கன்னா உடனே குறுக்க பாயாதீங்க, எழுத்துல திருத்திக்கலாம்.

அதுக்காக கன்டினியூயஸை மாசக்கணக்குல தள்ளி வைக்கவும் கூடாது. 'வாட் டூ யூ டூ?'ன்னா என்ன வேலை பாக்குறீங்க, 'வாட் ஆர் யூ டூயிங்?'னா இப்ப என்ன பண்றீங்க, இந்த ஒரு ஜோடியே பாதி பாடத்தை நடத்திடும். அடுத்து 'ஷீ ஒர்க்ஸ் ஹியர்', 'ஷீ இஸ் ஒர்க்கிங் ஹியர் திஸ் வீக்'னு போட்டா நிரந்தரமா தற்காலிகமாங்கிற வித்தியாசம் தெரிஞ்சுடும், இதுதான் உண்மையான பாடம், வெறும் 'இப்ப நடக்குது'ன்னு மட்டும் சொல்லிக்குடுத்தா இந்த இடத்துல மாட்டிக்குவாங்க. 'ஐ ஆம் லீவிங் டுமாரோ'ன்னு நாளைக்குப் போறதையும் இதுலயே சொல்றது எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

'ஐ ஹேவ் ஈட்டன்' மாதிரி வர்ற பிரசென்ட் பெர்ஃபெக்ட்? பேர்ல பிரசென்ட் இருக்குங்கிறதுக்காக அதையும் இதே சார்ட்ல திணிக்காதீங்க, 'ஐ ஏட்' மாதிரி சிம்பிள் பாஸ்ட் நடத்தாம அதைத் தொட்டா ரெண்டும் சேந்து குழம்பிடும்.