கேமராவுக்கு மிதவை: ஃபோமா, காற்று அடைத்த ஆர்மா?

தண்ணீருக்குள் போய்விட்டால் கேமராவுக்கு எடையே இருக்காது என்று நினைத்துத்தான் பலர் இறங்குகிறார்கள். கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் அலுமினிய ஹவுசிங், இரண்டு ஸ்ட்ரோப் (ஃபிளாஷ் விளக்கு), சின்னவற்றை நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மேக்ரோ போர்ட் எல்லாம் சேர்ந்தால் உள்ளேயும் ஒரு கிலோ வரை கீழே இழுக்கும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு ஓய்ந்துவிடும்.

இந்த எடையை ஈடுகட்ட, ஸ்ட்ரோபைத் தாங்கும் தண்டான ஆர்மில் மென்மையான ஃபோமைச் சுற்றுவதுதான் எளிய வழி. கத்தியால் வேண்டிய அளவுக்கு வெட்டலாம், செலவும் குறைவு. ஆனால் 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. உள்ளே இருக்கும் வாயு நசுங்க, ஃபோமும் சுருங்கும். மேலே அசையாமல் நின்ற கேமரா கீழே போனதும் கனக்க ஆரம்பிக்கும். ஸ்நார்க்கலிங்குக்குப் போதும், ஆழத்துக்கு ஆகாது.

கெட்டி ஃபோம் வேறு சாதி. சில வகைகளில் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்திருப்பார்கள். தனக்குரிய ஆழம் வரை சுருங்காது, கீறினாலும் தண்ணீர் புகாது. சொந்த எடை கொஞ்சம் கூடுதல் என்பதால் போதுமான தூக்கல் கிடைக்கப் பருமனாக வைக்க வேண்டும். நீரோட்டத்தில் அது தெரியும்.

காற்று அடைத்த கார்பன் ஆர்ம் பார்க்க அழகு, தூக்கலும் அதிகம். 700 மில்லி இடத்தை அடைத்து 300 கிராம் எடையுள்ள ஆர்ம், கடல்நீரில் ஏறக்குறைய 400 கிராம் தூக்கும். குறை என்னவென்றால், அந்த 400-ஐ 350 ஆக்க முடியாது. கசிந்தால் மொத்தமும் போச்சு.

என்னைக் கேட்டால், எவ்வளவு தூக்குகிறது என்பதைவிட எங்கே தூக்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். அரைக்கோள வடிவப் பெரிய டோம் போர்ட்டுக்குள் காற்று நிறைய இருப்பதால் கேமராவின் மூக்கு மேலே எழும். மேக்ரோ போர்ட்டோ தலையைக் கவிழ்க்கும். மொத்த எடை சரியாக இருந்தும் கை முறுக்கிக்கொண்டே இருப்பது இதனால்தான். ஆர்ம் மட்டும் இதைச் சரிசெய்யாது. கெட்டி ஃபோம் துண்டையோ சின்ன ஈயத்தையோ சரியான இடத்தில் மாட்ட வேண்டும். அதனால் பெரும்பங்கை ஆர்மிடம் விட்டு, கடைசி 100, 150 கிராமை ஃபோமில் பார்த்துக்கொள்வேன்.

சோதிக்க நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியும் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் போதும். அப்புறம் ஒரு கணக்கு: கடல்நீர் நல்ல தண்ணீரைவிட லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கூடுதலாகத் தூக்கும். மொத்த அமைப்பு 8 லிட்டர் இடத்தை அடைத்தால் அதுவே 200 கிராம். தொட்டியில் மூழ்கித் தொங்கும்போது தராசு 300 கிராம் காட்டினால் கடலில் 100 ஆகும், அதுதான் எனக்குப் பிடித்த அளவு. தொட்டியிலேயே பூஜ்யமாக்கிவிட்டால், கடலில் கை நழுவியதும் கேமரா உங்களை விட்டுவிட்டு மேலே ஏறிவிடும்.

போர்ட்டை மாற்றினால் மறுபடியும் தொட்டிக்குப் போக வேண்டியதுதான்.