ஒரே ஸ்டண்ட் மாஸ்டர், ஒரே கேமராமேன், இரண்டு தீர்ப்பு

வேலூரில் ஒரு கல்லூரித் திரைப்பட மன்றமோ சிலம்ப வகுப்போ கோடை விடுமுறையில் சீனத்துச் சண்டைப் படம் ஒன்று போட நினைத்தால், பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டியவை இவை: ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' (2000), ராப் மின்காஃபின் 'தி ஃபர்பிடன் கிங்டம்' (2008). இரண்டுக்கும் சண்டை அமைத்தவர் யுவென் வூ-பிங், ஒளிப்பதிவு பீட்டர் பாவ். முன்னது நான்கு ஆஸ்கர் அள்ளியது. பின்னதை விமர்சகர்கள் அரை மனசோடு தட்டிக்கொடுத்தார்கள்.

முதலில் சதவீதக் கணக்கு. விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒன்று 90ஐத் தாண்டி நிற்கிறது, மற்றது 60ஐச் சற்றே தாண்டுகிறது. இதைப் பரீட்சை மார்க்காகப் படிப்பவர்கள்தான் அதிகம். அது மார்க் இல்லை. 'பார்க்கலாம்' என்று சொன்ன விமர்சகர்களின் விகிதம். எல்லோரும் 'சுமார், பார்க்கலாம்' என்றாலும் 100 வந்துவிடும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, திட்டியவர் எதைத் திட்டினார் என்று தேடுவதே உருப்படியான வேலை.

'ஃபர்பிடன் கிங்டம்' வாங்கிய அடியெல்லாம் கதைக்குத்தான். சுன் வுகோங் என்ற குரங்கரசனின் சீனப் புராணத்துக்குள் பாஸ்டன் நகரத்துப் பையன் ஒருவனைக் கொண்டுபோய் நாயகனாக நிறுத்தியதும், ஜாக்கி சானையும் ஜெட் லியையும் அவனுக்கு வாத்தியார்களாகச் சுருக்கியதும், பண்டைய சீனாவில் ஆங்கிலம் ஓடுவதும் பலருக்கு உறுத்தின. நியாயமான உறுத்தல்தான். ஆனால் அதே விமர்சகர்களில் பலர், கோயிலுக்குள் அந்த இருவரும் மோதும் காட்சிக்கு மட்டும் இறங்கி வந்தார்கள். அவர்கள் திரையில் சேர்ந்ததே அந்தப் படத்தில்தான் முதல்முறை. மோதலே ஒரு கம்புக்காக; பிறகு வெறுங்கைக்கு மாறுகிறது.

'க்ரௌச்சிங் டைகர்' கதை வேறு. 2000ஆம் ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் கூரைமேல் துரத்தும் காட்சி முடிந்ததும் பத்திரிகையாளர்கள் கைதட்டினார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். ஆனால் சீன மொழி பேசும் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். முதல் சண்டை வரவே கால் மணி நேரம் ஆகிறது என்பது ஒரு குறை. உச்சரிப்பு இன்னொன்று: சௌ யுன்-ஃபட் ஹாங்காங்காரர், மிஷெல் யோ மலேசியாக்காரர், படம் பேசும் மாண்டரின் சீனம் இருவருக்கும் தாய்மொழி இல்லை. குடியாத்தத்துக்காரர் வேடம் போட்டவர் மதுரைத் தமிழ் பேசினால் நம் தியேட்டரில் என்ன சத்தம் கிளம்புமோ, அதேதான். சப்டைட்டில் படித்துப் பார்த்த மேற்கத்திய விமர்சகருக்கு இது காதில் விழவே வாய்ப்பில்லை. அவர் தந்த நட்சத்திரங்களை அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படிக்கலாம். நாமும் சப்டைட்டிலோடுதான் பார்க்கப்போகிறோம் என்பதால், நமக்கும் அது கேட்காது.

கயிறு கட்டிப் பறப்பது இரண்டிலும் உண்டு. ரோப் தெரிந்தால் படம் கெட்டது என்பது நம் ஊர்ப் பழைய அளவுகோல். இங்கே அது உதவாது. 'க்ரௌச்சிங் டைகர்' படத்தில் மூங்கில் காட்டில் பறப்பவர்களின் எடையின்மையே அந்தக் காட்சியின் பொருள்.

சிலம்பம் பழகுகிறவர்களுக்கு எது? கம்பு என்ற பெயருக்காக 'ஃபர்பிடன் கிங்டம்' போடத் தோன்றும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் அதுவே சரி. 104 நிமிடம், குரங்கரசன் கலகலப்பு வேறு. கொஞ்சம் பழகியவர்களுக்கு மற்றதில் யூ ஷு லியன் (மிஷெல் யோ) பயிற்சிக்கூடத்தில் மோதும் இடம்தான் பாடம். எதிரே நிற்கும் இளம்பெண் ஜென் கையில் ஒரே வாள். இவள் இரட்டைக் கத்தி, ஈட்டி, கொக்கி வாள் என்று மாற்றிக்கொண்டே போகிறாள். நீளம் எப்போது உதவும், காம்பு வெட்டுப்பட்டால் என்ன மிச்சம் என்பதை நிறுத்தி நிறுத்திக் காட்டலாம்.

இரண்டு படங்களும் இடைவேளை வைத்து எழுதப்பட்டவை அல்ல. 'க்ரௌச்சிங் டைகர்' ஓட்டும்போது, ஜென்னின் அறைக்குள் அவள் காதலன் லோ இரவில் வந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு அடுத்து வரும் பாலைவன முன்கதை நீளம். இடைவேளை இல்லாமல் போனால் கூட்டம் அங்கேதான் எழுந்து போகும். இன்னொன்று, கூரைத் துரத்தல் முழுக்க இரவுக் காட்சி. சித்திரை வெயில் ஜன்னல் வழியாக விழும் ஹாலில் பகலில் புரொஜெக்டர் போட்டால் கறுப்புத் திரைதான் தெரியும். கறுப்புத் துணி கட்ட வழியில்லை என்றால், ஆறரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.