உள்ளாட்சியின் உமிழ்வுக் கணக்குக்கு ‘சிரிஸ்’: ஒரு மதிப்புரை

கார்பன் உமிழ்வைக் குறைக்கத் தீர்மானம் நிறைவேற்றும் உள்ளாட்சி அமைப்பு, எதிலிருந்து தொடங்குவது என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. அதற்கான கணக்கைப் போட, பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உலகின் பெருநகரங்கள் இணைந்துள்ள ‘சி40’ கூட்டமைப்பு இலவசமாக அளிக்கும் எக்செல் கோப்பே ‘சிரிஸ்’. நகரங்களின் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிட 2014-இல் வெளியான உலகளாவிய நெறிமுறையை அடியொற்றி இது அமைந்திருக்கிறது.

கட்டடங்களின் எரிசக்தி, போக்குவரத்து, கழிவு முதலிய பிரிவுகளில் பயன்பாட்டு அளவை உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகுப் பயன்பாட்டுக்கு வெளியாகும் வாயுவின் அளவால், பெருக்குவதே அடிப்படைக் கணக்கு. என்னை மிகவும் கவர்ந்தது, தரவு இல்லாத இடத்தை வெறுமையாக விட நெறிமுறை இடம் தராததுதான்: அந்தச் செயல் ஊரில் நிகழவில்லையா, நிகழ்ந்தும் கணக்கிடப்படவில்லையா, வேறு தலைப்பில் சேர்ந்துவிட்டதா என்று குறித்தே ஆக வேண்டும். தரவின் தரத்தையும் உயர்வு, நடுத்தரம், குறைவு என்று பதிய வேண்டியிருப்பதால், நிர்வாகம் அரைகுறைக் கணக்கை முழுக்கணக்காகக் காட்டிவிட முடியாது.

மிகுந்த கவனத்தைக் கேட்பது கழிவுப் பிரிவு. கிடங்கில் காற்றில்லாமல் மட்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டு அளவில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. அதைக் கணக்கிட நெறிமுறை இரண்டு வழிகளை ஏற்கிறது. இந்த ஆண்டு கொட்டிய குப்பை இனி வெளியிடப்போகும் மீத்தேன் முழுவதையும் இந்த ஆண்டிலேயே எழுதுவது ஒன்று. முன்பு கொட்டியவை இந்த ஆண்டில் வெளியிடுவதை மட்டும் எழுதுவது மற்றொன்று. மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்கத் தொடங்கிய ஊருக்கு முதல் வழியில் பலன் உடனே தெரியும்; இரண்டாவதிலோ பழைய குப்பையின் சுமை பல ஆண்டுகள் தொடர்ந்து தெரியும். முதல் ஆண்டில் எந்த வழியைக் கொண்டார்களோ அதையே பின்னரும் கடைப்பிடிக்காவிட்டால், ஆண்டுகளை ஒப்பிடுவதில் பொருளே இராது.

போக்குவரத்துப் பிரிவு அவ்வளவு உறுதியானதன்று. பெட்ரோல், டீசல் விற்பனையை வைத்துக் கணக்கிடுவது எளிது என்றாலும், ஊரைக் கடந்து செல்லும் வண்டிகள் நிரப்பும் எரிபொருளும் ஊரின் பெயரிலேயே விழும்.

பெரிய குறை இன்னொன்று. முழு ஊருக்கான கணக்கு என்பதால், தெருவிளக்குக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் உள்ளாட்சியே செலவிடும் மின்சாரம், கடைகளும் நிறுவனங்களும் செலவிடுவதோடு ஒரே தலைப்பில் கலந்துவிடுகிறது. உள்ளாட்சி தன் அதிகாரத்தால் நாளையே மாற்றக்கூடியவை அதன் தெருவிளக்குகளும் அலுவலகங்களும்தாம். எல்இடி விளக்குக்கும் கூரைச் சூரிய மின்தகட்டுக்கும் நிதி ஒதுக்க, அவற்றின் அளவு தனியே தெரிந்தாக வேண்டும்.

ஆகவே, பொறுப்பாக ஓர் அலுவலரை நியமிக்கக்கூடிய எந்த உள்ளாட்சிக்கும் சிரிஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் உள்ளாட்சிக்கு உரிய ஒவ்வொரு மின் இணைப்பின் மாதாந்தரப் பயன்பாட்டையும் நகராட்சி வண்டிகளின் டீசல் செலவையும் எழுதும் தனித் தாள் ஒன்றை, முதல் மாதத்திலிருந்தே அதனுடன் சேர்த்துப் பராமரிக்க வேண்டும்.