சாக்கெட் கருகினால்: நாமே மாற்றுவதா, தெரிந்த அண்ணனா, லைசென்ஸ் வயர்மேனா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்று பத்து, இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். இரண்டு திருகைக் கழற்றி இரண்டு திருகை முடுக்குகிற வேலைதானே என்று தோன்றும். ஆனால் பழைய சாக்கெட் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. அதைக் கண்டுபிடிக்காமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே இடத்தில் கருகும். அதனால் யார் மலிவு என்பதைவிட, யாரால் காரணத்தைச் சொல்ல முடியும் என்றுதான் இங்கே பார்க்கிறேன்.

பிளக் குத்தினால் ஆடுகிறது, லேசாகத் தொட்டாலே கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்றால் உள்ளே பிளக்கைக் கவ்வும் பித்தளைத் தகடுகள் தளர்ந்திருக்கும். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகியிருந்தால், பிளாஸ்டிக் வாடை வந்தால், ‘சர்ர்’ என்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் பின்னால் வயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், சூட்டில் திருகு இன்னும் தளரும். மூன்றாவது வகை டிரிப் ஆவது, அதாவது மெயின் பெட்டியில் உள்ள சுவிட்ச் தானாக விழுவது. கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. ஒவ்வொரு வயர் வரிசைக்கும் (சர்க்யூட்) தனியாக இருக்கும் எம்.சி.பி. விழுந்தால் சுமை அதிகம், அல்லது ஷார்ட். இந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது சுலபம்.

பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது எக்ஸ்டென்ஷன். கெட்ட சாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு ஹாலிலிருந்து வயரை இழுத்துவிடுவார்கள். நான்கு ஓட்டை இருப்பதால் நான்கு மடங்கு கரண்ட் வராது. மொத்தமும் ஒரே 13 ஆம்பியர் பிளக் வழியாகத்தான் போகிறது. 230 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 3000 வாட். தீபாவளி நேரத்தில் கேக் சுடும் மின் அடுப்பு ஒரு பக்கம், தண்ணீர் கொதிக்கும் கெட்டில் ஒரு பக்கம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் ஹால் சாக்கெட்டும் பழுப்பாகும். பிளக்கின் ஃபியூஸ் போய்விட்டால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் கெட்டிக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஃபியூஸ் இருப்பதே வயர் எரியாமல் காப்பதற்குத்தான். ஃபேன், போன் சார்ஜர் என்றால் ஓரிரு நாள் எக்ஸ்டென்ஷனில் ஓட்டலாம். அதற்கு மேல் இது ஒரு வழியே இல்லை.

அடுத்தது நாமே மாற்றுவது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சாக்கெட்டில் உள்ள சுவிட்சை அணைத்தால் பிளக்குக்குப் போகும் கரண்ட்தான் நிற்கும், பின்னால் வந்து சேரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்ட்பென் எரியவில்லை என்பதை நம்பியும் கை வைக்க முடியாது. நிறத்தைப் பார்த்து மாட்டிவிடலாமே என்றால், சுவருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை வரும் வீடுகளே நம் பக்கம் அதிகம். நாம் வாங்கும் பொருள்களின் வயரிலோ பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள். இன்னொன்று, சில வீடுகளில் சாக்கெட் வயர் வளையமாகச் சுற்றி வரும். மாட்டும்போது ஒரு முனை விட்டுப்போனாலும் சாக்கெட் நன்றாக வேலை செய்யும். சுமை முழுவதும் மறுபக்க வயரில் ஏறுவது வெளியே தெரியாது. சட்டப்படியும் வயரிங் வேலை தகுதி பெற்றவர் செய்ய வேண்டியது. காசு மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனாலும் இதற்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

தெரிந்த அண்ணன் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) ஒருவர் இருப்பார். செம்பனை ஆலையில் வேலை, கரண்ட் கொஞ்சம் தெரியும், இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார், ஒரு தே தாரிக்குடன் போய்விடுவார். “சாக்கெட் போயிடுச்சுமா, மாத்திட்டேன்” என்பார். வேலை சுத்தமாகவே இருக்கும். ஆனால் வயரின் உறை எவ்வளவு தாங்குகிறது, எர்த் சரியாக வருகிறதா என்று சோதிக்கும் கருவி அவரிடம் இருக்காது. பிளக் ஆடுவது மட்டும்தான் குறை என்றால் அவர் மாற்றுவதே போதும் என்று பலரும் சொல்வார்கள். கருகல், டிரிப் இரண்டுக்கும் நிச்சயம் போதாது. பிறகு ஏதாவது ஆனால் அவரிடம் போய்க் கேட்கவும் நமக்கு வாய் வராது.

லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்குக் கூலி சாக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. ஈப்போவிலிருந்தோ கோலகங்சாரிலிருந்தோ வர வேண்டியவர் என்றால் ஒரு சாக்கெட்டுக்காக உடனே கிளம்பமாட்டார். ஆடுகிற சுவிட்ச், எரியாத விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகும். சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த பெண்டவாய் (வயர்மேன்) அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், உண்மையானவர் கோபப்படமாட்டார். அவர் கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டு நல்ல செம்பு தெரியும்வரை சீவி மாட்டுவார், எர்த்தைச் சோதிப்பார், ஆர்.சி.சி.பி. விழ வேண்டிய நேரத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். சாக்கெட் வரிசைக்கு அது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற வகையாக இருக்க வேண்டும். உறை நொறுங்கும் பழைய வயர் என்றால் அந்த வரிசையையே மாற்றச் சொல்வார். அது செலவுதான், ஆனால் அதைச் சொல்லத்தான் அவரைக் கூப்பிடுகிறோம். சாக்கெட்டை நாமே வாங்கித் தருவதானால் சிரிம் (தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்கலாம்.

மின்சாரம் தரும் டி.என்.பி.யைக் கூப்பிடலாமே என்று கேட்பவர்களுக்கு: 15454 என்ற எண் சப்ளை போனால் உதவும். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கும் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால் கதையே வேறு. தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. அங்கே சொந்தக் காசில் ஆள் கூப்பிடுவதற்கு முன் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் வரும்வரை அந்த வரிசையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, சாக்கெட் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஐஸ்பெட்டி அதில் இருந்தால் வேறு வரிசையில் நேராக ஒரு சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய சாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திருகுப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்தால், காரணம் அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று நமக்கே தெரியும்.